மஞ்சள் அல்ல, பழுப்பு

ஏழாம் தேதி சம்பளம் இல்லை என்பது
எனக்கும் கால்குலேட்டருக்கும் மட்டுமே தெரியும் என்று
ஆறாம் தேதி இரவு வரை நினைத்திருந்தேன்.

ஆடிட்டர் தணிகாசலம் வாட்ஸாப்பில் அனுப்பிய வாசகம்:
'தற்காலிகப் பணப்புழக்க நெருக்கடி காரணமாக
அனைத்துத் தரப்பினரின் மேலான ஒத்துழைப்பு கோரப்படுகிறது.'
கோருவது யார்?
எங்கள் ஊர் வீடுகளைப் போல
முகப்பு பெரிது, உள்ளே ஆளில்லை.

அட்டைப்பெட்டி செய்கிறோம்,
காரைக்குடியில், கோவிலூர் சாலையில், பதினோரு வருஷமாய்.
முறுக்குக்கு, சீப்புச் சீடைக்கு,
கோட்டயம் போகும் அப்பளத்துக்கு.
பெட்டிக்குள் இருப்பது என்னவென்று
வெளியே அச்சடிப்பதுதான் தொழில்.
எனக்கு அது வரவில்லை.

திங்கட்கிழமைச் சந்தையில்
வெங்காயக்காரர் உமையாளிடம் கேட்டிருக்கிறார்:
'மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறாகளாமே?'
அரைக்கிலோ வாங்கி
மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி
வீடு வந்தாள்.
சந்தையில் நடந்ததைச் சொன்னாள்.
உண்மையா என்று கேட்கவில்லை.
எனக்கு வந்த முதல் நோட்டீஸ் அதுதான்.

உடுமலைப்பேட்டைக் காகிதக்காரர் அழைத்தபோதெல்லாம்
போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்,
ஒன்பது தடவை.
பத்தாவது தடவை அவர் அழைக்கவில்லை.
அப்போதுதான் பயம் வந்தது.

மூன்று லட்சம் போட்டிருக்கும் நாச்சியப்பன்
பங்குதாரர் அல்ல, பங்காளி.
பிள்ளையார் நோன்பில் பக்கத்தில் உட்கார்ந்து
இழை எடுத்துக்கொண்டவனுக்கு
'அன்புடையீர்' என்று எப்படித் தொடங்குவது?
அவனுக்குக் கடுதாசி கூடாது.
நேரில்தான் போகவேண்டும்,
அதுவும் அவன் சாப்பிடுவதற்கு முன்னால் இல்லை.

கழித்துப் போட்ட பழுப்பு அட்டையின் பின்பக்கம்
மார்க்கரால் எழுதினேன்:
சம்பளம் இப்போது பாதி.
மீதி இருபத்துநாலாம் தேதி, கேரளப் பாக்கி
'வந்ததும்' என்று எழுதி
அடித்து
'வந்தால்' என்று போட்டேன்.
அந்த ஒரு சொல்லில் விடிந்துவிட்டது.

ஷிப்ட் மாறும் நேரம். நாற்பத்தொரு பேர்.
படித்தேன். தொண்டை ஒத்துழைக்கவில்லை.
'வெளியில் நிற்பது இருபத்துமூன்று லட்சம்...'

ஸ்டிச்சிங் மெஷின் இருளாயி
கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
'இருவதுதான் சார்.
ஓணத்து லோடு நனஞ்சு திரும்பி வந்துச்சுல்ல,
நாங்கதான எறக்குனோம்.
அதையும் சேத்துக் கூட்டிருக்கீக.'

டீ ரெண்டு வேளை ஒரு வேளையானபோதே
கணக்கு முடித்துவிட்டார்களாம்.
நான் கொண்டுவந்த சேதி
எனக்கு மட்டும்தான் புதுசு.

யாரும் கை தட்டவில்லை, சபிக்கவுமில்லை.
'அது ஏன் சார் முந்தாநாளே சொல்லல?' என்று
பின்வரிசையில் ஒரு குரல்.
அதற்கு அட்டையில் பதில் எழுதியிருக்கவில்லை.
பிரிண்டிங் ஆபரேட்டர் செபஸ்தியான்
மதியமே பைக்கை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டான்.
போகும்போது பசைத் தொட்டியை மூடிவிட்டுப் போனான்.

இருபத்துமூன்றை அடித்து இருபது போட்டேன்.
நல்ல தாளில் திருப்பி எழுதவில்லை.
அடித்தல் திருத்தலோடு அதே அட்டையைச் சுருட்டிக்
கக்கத்தில் இடுக்கி வங்கிக்குக் கிளம்பினேன்.
மேனேஜரம்மா கடப்பாக்காரர்,
தமிழ் படிக்க வராது.
அடித்த எண் எந்த மொழியிலும் தெரியும்.

வழியில் வண்டியை ஓரங்கட்டி
உடுமலைப்பேட்டைக்கு நானே அழைத்தேன்.
மணி அடித்தது, அடித்தது, நின்றது.
எனக்கு இன்னும் எட்டுத் தடவை பாக்கி.