உள்ளங்கை ஒரு சதவீதம்

ஹுரான் மருத்துவமனையின் நிலவறையில்
கொதிகலனுக்குப் பக்கத்து அறை என்னுடையது.
மார்லிஸ் ஹாகன், பில்லிங்.
பதினெட்டு வருடத்தில் ஒரு காயத்தையும் நேரில் பார்த்ததில்லை.
எல்லாம் எழுத்தாகித்தான் என்னிடம் இறங்கி வரும்.

வெட்டுக்காயம் என்றால் நீளம் வேண்டும்.
"சுமார் ஓர் அங்குலம்" என்று எழுதுகிறார் டாக்டர் லிண்ட்க்விஸ்ட்,
தான் பிடித்த மீனைப் பற்றிச் சொல்கிறவர் போல.
இரண்டரை சென்டிமீட்டர் ஒரு விலை,
இரண்டு புள்ளி ஆறு இன்னொரு விலை.
நடுவே ஒரு மில்லிமீட்டர்; அதில்தான் என் சம்பளம்.
கைக்காயத்தோடு கைக்காயத்தைக் கூட்டலாம்,
முகத்தோடு கூட்டக் கூடாது.
ஒரே இடம் இரண்டு ஆழத்தில் வெந்திருந்தால்
ஆழமானது மட்டும்.
"சுத்தம் செய்தேன்" போதாது:
தோல் வரையா, கொழுப்பு வரையா, தசை வரையா?
எழுதாதது நடக்காதது.
இதைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்,
2016 காலண்டருக்குப் பக்கத்தில்
(காலண்டர் அதிலிருக்கும் காட்டுக்கோழிக்காக).

தீப்புண்ணுக்கு உடம்பை
ஒன்பது ஒன்பதாக வகுத்திருக்கிறார்கள்.
ஒரு கை ஒன்பது. முதுகு இரண்டு ஒன்பது.
சிதறிய இடங்களுக்கு உள்ளங்கை,
விரல்களோடு சேர்த்து, ஒன்று.
டாக்டரின் உள்ளங்கை அல்ல.
வெந்தவள் கையே வெந்ததற்கு அளவுகோல்.
இந்த ஒரு விதியை மட்டும்
யாரோ நல்ல மனுஷர் எழுதியிருப்பார் என்று
நினைத்துக்கொள்வேன்.

பிப்ரவரி. வெள்ளிக்கிழமை. மாலை நாலு நாற்பது.
வான்கோழி ஆலை, இரவில் கழுவும் ஷிஃப்ட்,
வெந்நீர்க் குழாய் பிடி நழுவித் துள்ளியிருக்கிறது.
நா ஷீ மூ, முப்பத்தொரு வயது, கரென் மொழி,
மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில்.
தொடை இரண்டு சதவீதம்.
இடது முன்கை: டாக்டர் எழுதியது இரண்டு.
நர்ஸ் எழுதியது, "அவள் கையால் மூன்று."
ஐந்துக்குக் கீழே என்றால் சிறிய கட்டு.
ஐந்தைத் தொட்டால் நடுத்தரம்.
திரையில் மஞ்சள் பெட்டி கண் சிமிட்டியது:
முரண்பாடு. மருத்துவரைக் கேட்கவும்.
மேற்கே பனிப்புயல் எச்சரிக்கை. என் டயர்கள் வழுக்கை.
டாக்டர் சொல்லே முதல் சொல் என்று
எனக்கு நானே விதி சொல்லிக்கொண்டு
நாலு என்று போட்டு மூடினேன்.

ஏப்ரலில் பெட்ரோல் பங்க்கில் காபிக்கு நின்றேன்.
கல்லாவில் இருந்தவளின் பெயர்ப் பட்டை: ஷீ மூ.
மடித்துவிட்ட சட்டைக் கை.
மணிக்கட்டிலிருந்து மேலே
பாலாடை படிந்தாற்போல் மினுங்கும் இளஞ்சிவப்பு.
சில்லறையை என் கையில் எண்ணி வைத்தாள்.
சின்னக் கை.
அதைக் கண்ணாலேயே எடுத்து
அவள் முன்கையில் வைத்துப் பார்த்தேன்.
ஒன்று.
இரண்டு.
காபி மூடிக்காக அவள் திரும்பியபோது
அடிப்பக்கமும் தெரிந்தது.

"பில் வேணுமா?" என்றாள்.
சட்டப்படி எனக்கு அவளைத் தெரியாது.
வேண்டும் என்றேன்.

பங்க்கில் பார்த்ததை வைத்துத் திருத்த முடியாது.
என் கண் ஆவணம் அல்ல.
ஆனால் நர்ஸின் வரி பிப்ரவரியிலிருந்து
அங்கேயே கிடக்கிறது, கேட்பாரற்று.
திங்கள் காலை டாக்டருக்குக் கேள்வி எழுதினேன்.
கேள்வி பதிலை ஊட்டக் கூடாது, அதுவும் விதி.
"மூன்றுதானே?" என்று எழுதி, அழித்தேன்.
"இடது முன்கை. இரு குறிப்புகளும் ஒத்துப்போகவில்லை. பரப்பு?"

பில் கூடும். கட்டவேண்டியது ஆலையின் காப்பீடு.
அவர்கள் இழுத்தடித்தால்
கடிதம் அவள் வீட்டுக்குப் போகும்,
அதுவும் எனக்குத் தெரியும்;
பெரும்பாலும் அதை அச்சடிப்பவளே நான்தான்.

அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு
என் இடது முன்கையில் வலது கையை
குறுக்காக வைத்துப் பார்த்தேன்.
மூன்று தடவை.
முழங்கை வந்துவிட்டது.