கூனி

பெயர் வைத்தவன் இந்தக் கடலுக்கு வந்திருக்க மாட்டான்.
திமி என்றொரு பெருமீன்,
அதை விழுங்குவது திமிங்கிலம்,
அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று
வாய்க்குள் வாயாக அடுக்கிக்கொண்டே போனார்கள்.

இதன் தொண்டையில்
மட்டை உரிக்காத தேங்காய் ஒன்று இறங்காது.
தின்பது கூனி.
திருக்கடலூரில் சாக்கு விரித்துக் காயப்போடுகிற,
நாங்கள் சம்பலுக்கு இடிக்கிற
அதே சாதி.

இதை நான் அறிந்தது பீயால்.

சுவாமி மலையை விட்டு
ஜெறோம் ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள்
தரை அறுந்துவிடுகிறது.
கீழே ஐந்நூறு பாகம், அதற்கும் மேல்.
அங்கேதான் அது வால் தூக்கிப் போனது.
போன இடத்தில் சிவப்பு,
செங்கல்லை உரைத்துக் கரைத்த மாதிரி.
நுளம்பு வலையில் நானே தைத்த கோரியால்
அள்ளி அள்ளி ஜாம் போத்தலில் ஊற்றினேன்.
"அக்கா, கம்பஸில இதுக்கோ சம்பளம் தாறாங்கள்?"
மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான் ஜெறோம்.
இதுக்குத்தான்.
நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தால்
செரிக்காமல் மிஞ்சிய கூனிக் கண்கள்
கறுப்புக் கறுப்பாய் என்னைப் பார்க்கும்.

பிறகு காத்திருப்பு.
ஆழத்தில் அதன் இதயம்
நிமிடத்துக்கு இரண்டு தரம் அடிக்குமாம்.
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்:
அதன் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே
எனக்கு நாற்பத்தொன்று.
வெயிலா, பயமா, கோப்பியா தெரியவில்லை.

பங்குனி. பத்தரை மணி.
உப்புவெளியில் மகன் எழும்பியிருப்பான்.
உடம்புக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது,
சட்டை நனைந்தது.
ஜெறோம் மலைப்பக்கம் திரும்பி
கோயில் மணியை உன்னிப்பாய்க் கேட்கிறவன் போல நின்றான்,
நல்ல பிள்ளை.
நான் படகின் பின்பக்கம் குனிந்து பீய்ச்சினேன்.
ஒரு கணம் வெள்ளை, பிறகு கடல்.

அவளுடையது கரையாது.
கொழுப்பு அப்படி, பற்பசை போல் திரண்டு வரும்.
கன்று நாளொன்றுக்கு இருநூறு லீற்றர் குடித்து
என்னையும் ஜெறோமில் பாதியையும் சேர்த்த பாரம்
நாள்தோறும் ஏறும்.
எல்லாம் கூனியிலிருந்து.

மற்றக் கடல்களில் இவற்றின் உறவுகள்
பனி தேடித் தெற்கே போகும்.
இவை போவதில்லை. சூடோ பசியோ,
இந்தப் பக்கத்துக் கடல்தான்.
எங்கள் தெருவில் பாதி
கனடாவுக்குப் போன ஆண்டுகளிலும் போகவில்லை.

போன மாசி சல்லியில் ஒன்று ஒதுங்கியது,
முதுகில் கப்பல் வெட்டு.
காதிலிருந்து ஒரு சாண் குறும்பி எடுத்தோம்.
ஒளி வரி, இருள் வரி,
இரண்டுக்கு ஒரு வயது என்று எண்ணினால்
முப்பத்தேழு. என் வயது.
பயந்த காலத்துச் சுரப்பு
அந்தந்த வரியிலேயே உறைந்திருக்கும் என்கிறார்கள்.
துறைமுகத்தில் வெடித்ததெல்லாம்
எங்கள் இருவருக்கும் கேட்டிருக்கும்.
எனக்கும் எங்கேயோ வரி விழுந்திருக்கும்,
காதில் இல்லை.

மூச்சு வந்தது, பனையளவில் பாதி.
அதன் பக்கத்தில், தாமதமாய், சின்னதாய் இன்னொன்று.
ஜெறோம் எஞ்சினைத் தொடவில்லை.
அந்த நேரம் பார்த்து
கோதுமைக் கப்பல் வளைந்து உள்ளே வந்தது,
சீனன்குடா மாவாலைக்கு.
நாங்கள் துவாயைக் கழற்றி வீசினோம், கத்தினோம்.
அவ்வளவு உயரத்தில் யார் பார்ப்பது?
பெரியது தாழ்ந்தது. சின்னதும்.
கப்பல் போன பிறகு
இருபது நிமிடம் தண்ணீரைப் பார்த்தோம்.
சிவப்பு ஏதும் வரவில்லை.
அது நல்லதா என்று ஜெறோம் கேட்டான்.
தெரியாது என்றேன்.

இரவு பிரதாபன்
றோஸ் பாணும் கூனிச் சம்பலும் வைத்திருந்தான்.
பாணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தின்றேன்.
பசி.
மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் கை நாறியது;
மகன் முகத்தைத் திருப்பினான், சிணுங்கினான்,
பிறகு பிடித்துக்கொண்டான்.
போத்தலில் திகதி எழுத மறந்துபோனேன்.