கீழ்த்தட்டில் இருப்பதில் ஒன்று

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
படியிறங்கிக் கதவைத் தள்ளியதும்
அறுபது பேரின் மூச்சு வந்து
லென்ஸின் மேல் உட்கார்ந்துகொண்டது.
துடைக்கக் கூடாது. துடைத்தால் இன்னும் சேரும்.
முதல் இரண்டு பாட்டும்
கேமராவைக் கோட்டுக்குள் வைத்து
குளிப்பாட்டிய பிள்ளையை அணைத்திருப்பதுபோல்
சுவரோரம் நின்றேன்.

தாம்பெரே நகரின் இந்த நிலவறையில்
ஒரு காலத்தில் தோல் பதனிட்டார்களாம்.
இப்போது பியர் வாசனையும் ஈரக் கம்பளியும்.
மேடை என்பது
தரையைவிட ஒரு சாண் உயர்ந்த பலகை.
விளக்கு என்பது
ஒரே ஒரு சிவப்பு.
சிவப்பில் முகம் தெரியும்,
முகத்தில் எதுவும் தெரியாது;
மூக்கு கரைந்து கன்னத்தோடு போய்விடும்.
ஃப்ளாஷ் போடுகிறவரை இங்கே
யாரும் திட்டமாட்டார்கள்.
திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.
இந்த ஊரில் அது திட்டைவிடப் பெரிது.

பாடுகிற அக்செலியை எடுப்பது சுலபம்.
மழைக்கு ஒதுங்குவதுபோல்
வெளிச்சத்துக்கு ஒதுங்கத் தெரிந்தவன்.
வரி முடிந்து மூச்சு வாங்கும் அரை நொடியை
அவனே எடுத்து நீட்டுவான்.
பேஸ் வாசிக்கும் ரைமோ அசையவே மாட்டார்.
மரத்தை எடுப்பதும் அவரை எடுப்பதும் ஒன்று.

கெர்த்துதான் கிடைப்பதில்லை.
ஒன்பது வருஷம், மூன்று குழுக்கள்,
என்னிடம் இருக்கிற கெர்த்துவெல்லாம்
ஒரு முழங்கை,
சிம்பலின் விளிம்புக்குப் பின்னால் கொஞ்சம் தலைமுடி,
இருட்டில் இன்னும் கொஞ்சம் இருட்டு.
போன மாதம் சுவரொட்டிக்குப் படம் கேட்டார்கள்.
மூன்று பேர் குழு; படத்தில் இரண்டு பேர்.
பார்த்துவிட்டு,
"டிரம்ஸ் நன்றாக விழுந்திருக்கிறது" என்றாள்.
கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாவது பாட்டில் அது நடந்தது.
பார் மேசை முடிகிற இடத்தில்
டிரம்ஸ் தொடங்குகிறது.
சூலோ குனிந்து
ஃப்ரிட்ஜின் கீழ்க்கதவைத் திறந்தான்.
வெள்ளையாக, கொஞ்சம் நீலமாக
ஒரு பட்டை வெளிச்சம் தரையோடு ஓடி
கெர்த்துவின் தாடைமேல் ஏறியது.
உதடு எண்ணிக்கொண்டிருந்தது.
ஒன்று, இரண்டு,
கதவு சாத்திக்கொண்டது.

நான் குடிப்பதில்லை.
"கீழ்த்தட்டில் என்ன இருக்கிறதோ அதில் ஒன்று" என்றேன்.
கை நடுங்கிவிட்டது.
இன்னொன்று.
யாரோ குறுக்கே வந்தார், தொப்பி மட்டும் விழுந்தது.
இன்னொன்று.
சூலோ மேல்தட்டுக்குக் கையை நீட்டினான்.
"அது வேண்டாம், கீழே."
"இரண்டும் ஒரே பியர்தானே?"
"கீழே இருப்பதுதான் குளிர்ச்சி."
ஐந்து புட்டிகள் என் முன்னால் வரிசையாக
வேர்த்துக்கொண்டு நின்றன.
பக்கத்தில் இருந்தவர்
புட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மரியாதையாகக் கொஞ்சம் தள்ளிப்போனார்.

ஆறாவதுக்குக் கதவு திறந்தபோது
அவள் நிமிர்ந்தாள்.
நேராக, வெளிச்சத்துக்குள்.
நெற்றியில் மூன்று கோடு,
மூக்கு நுனியில் விழலாமா என்று ஒரு சொட்டு,
இடக்கைக் குச்சி கரைந்து விசிறியாக,
கண் இரண்டும் ஊசி.
அழுத்தினேன்.
திரையைப் பார்க்கவில்லை.
உடனே பார்த்தால் போய்விடும் என்று
எனக்கொரு மூடநம்பிக்கை.

எல்லாம் முடிந்து டியூப்லைட்டைப் போட்டார்கள்.
அறையில் எல்லாருக்கும் சட்டென்று வயசாகிவிட்டது.
மணிக்கட்டை உதறிக்கொண்டே வந்தாள் கெர்த்து.
"யார் அந்த ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடியது?
ஆறேழு தடவை!
ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று கண்ணில் அடித்துத்
தாளம் தப்பியது.
கடைசியில் நிமிர்ந்து ஒரு முறை முறைத்தேன்,
அப்புறம்தான் நின்றது."

சூலோ
ஏற்கெனவே துடைத்த குவளையை
மறுபடி துடைக்கத் தொடங்கினான்.
என் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது.
அழுத்தினால் அவள் முகம்.
அழுத்தாமல்
ஒரு புட்டியை அவள் பக்கம் தள்ளினேன்.
மேசைமேல் ஈரக்கோடு ஒன்று கூடவே போனது.
ஒரு மடக்குக் குடித்துவிட்டு,
"குளிர்ச்சியே இல்லையே" என்றாள்.