பத்திலிருந்து ஒன்றுவரை

வுப்பர்டாலின் தொங்கு ரயில் ஓடும் வழியில்
எந்தக் கடையின் கழிப்பறை திறந்திருக்கும்,
எதற்கு ஐம்பது சென்ட் சில்லறை வேண்டும்,
எங்கே முகம் சுளிப்பார்கள் —
கேளுங்கள், சொல்கிறேன்.
எட்டு மாதத்தில் படித்த பாடம்.

ஆரணி பிறந்த இரவு
கிண்ணம் வைத்து உறிஞ்சி இழுத்தார்கள்.
'இரண்டாம் தரக் கிழிசல், தைத்தாயிற்று'
என்றது தாள்.
தாள் பொய் சொல்லவில்லை.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிள்ளையைத் தூக்கக் குனிந்தால்
என்னைக் கேளாமல் காற்று போகும்.
சில நாள் காற்று மட்டுமல்ல.
சுகிர்தன் எழுந்து ஜன்னலைத் திறப்பான்,
ஒரு வார்த்தை பேசமாட்டான்.
அந்த ஜன்னல்தான் என்னை டாக்டரிடம் அனுப்பியது.

சகஜம் என்றார் முதலாமவர்.
பயிற்சி செய்யுங்கள் என்றார் அடுத்தவர்.
படம் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார்
டாக்டர் ஹோல்ஷர்.

இடப்பக்கம் சரிந்து, முழங்கால் மடக்கி.
விரல் பருமனில் ஒரு கருவி,
உறை மாட்டி, பசை தடவி. குளிர்.
சுவர் நாட்காட்டியில் நவம்பரை
இன்னும் யாரும் கிழிக்கவில்லை.
எங்கோ பக்கத்து வீட்டில்
தையல் மெஷின் ஓடுவதுபோல்
எனக்குள் அது சுழன்றது.

திரையை என் பக்கம் திருப்பினார்.
வளையத்துக்குள் வளையம்.
உள்தசை கறுப்பு, வெளித்தசை சாம்பல்.
"கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்,
பன்னிரண்டு உங்கள் முன்பக்கம்."
பேனா முனை நகர்ந்தது.
"பத்திலிருந்து ஒன்றுவரை இல்லை. இரண்டுமே."

மூன்று மணி நேரம்.
அன்றிரவு நான் முக்கியதும் அவ்வளவுதான்.
தற்செயல். இருந்தாலும் எண்ணினேன்.

எம்ஆர்ஐ வேண்டாமா என்றேன்.
அதற்கு ஏழு வாரம், அறுவைக்கு இதுவே போதும் என்றார்.

பெண் பார்க்க வந்தவர்கள்
அடக்கமான பிள்ளை என்றார்கள் என்னை.
அடக்கத்துக்கு ஒரு தசை இருந்திருக்கிறது,
கறுப்பும் சாம்பலுமாக,
குணத்தோடு சம்பந்தமே இல்லாமல்.
அழுகை வந்தது. துக்கமில்லை இது
என்று சொல்ல என் ஜெர்மன் போதவில்லை.
அவர் காகிதத்தை நீட்டினார், துடைக்க, பசையை.

ஃபிரிட்ஜ் கதவில் ஆரணியின் முதல் ஸ்கேன்,
பயற்றங்காய் அளவில் அவள்.
பக்கத்தில் இதை ஒட்டினேன்.
வேலையால் வந்த சுகிர்தன்
சப்பாத்தைக் கழற்றாமல் நின்றான்.
"இன்னொன்றா?"

இல்லை, நான்.
இரு, காட்டுகிறேன்.
பன்னிரண்டு முன்பக்கம்.