வியாழன் வரை

மலைக்கும் கடலுக்கும் நடுவே
எல் எஹீதோவில் இன்னொரு கடல் உண்டு,
முழுக்கப் பிளாஸ்டிக்.
அதன் அடியில் என் வேலை:
குடைமிளகாய்ச் செடிகளில் பொட்டலம் மாட்டுவது.
தேநீர்ப் பை அளவுதான் ஒவ்வொன்றும்.
உள்ளே தவிடு, தவிட்டுக்குள் சிலந்திப்பேன்கள்,
இலைப்பேன் குஞ்சைக் கண்டால் விடாதவை,
என்னைப் போலவே
வெளியூரிலிருந்து பெட்டியில் வந்தவை.

முன்பு முதுகில் டாங்கி சுமந்தேன்.
எங்கார்னாவின் அப்பா காலம் அது.
முகமூடி கேட்டபோது கைக்குட்டையைக் காட்டினார்,
அதுவும் என்னுடைய கைக்குட்டை.
மருந்தடித்தால் வாசலில் அட்டை தொங்கும்:
நாற்பத்தெட்டு மணி நேரம் நுழையாதே.
காய் சிவந்துவிட்டால்
அட்டையைத் திருப்பிப் போடுவார்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.

இரவில் வாந்தி.
கண்ணாடியில் என் கண்மணி
கடுகாய்ச் சுருங்கியிருக்கும்.
அவ்வளவு சின்னத் துளை வழியே
உலகத்தைப் பார்த்துக்கொண்டு
காலையில் மறுபடி வேலைக்குப் போவேன்.

இந்த மார்ச்சில் நீல ஒட்டட்டைகள் கறுத்தன.
பூவைத் தட்டினால் வெள்ளைத் தாளில்
இலைப்பேன்கள் ஓடின,
எழுதியவன் கையிலிருந்து தப்பிய
கால்புள்ளிகள் மாதிரி.
எங்கார்னாவின் கை இடுப்புக்குப் போனது.
மருந்து அலமாரிச் சாவி அங்கேதான்.
வங்கிக் கடனும் அங்கேதான் வலிக்கும் போல.

கழுத்தில் லென்ஸோடு இதோயா வந்தாள்.
"எத்தனை பூ பார்த்தீர்கள்?"
"ஒன்று."
"நூறு பார்ப்போம்."

நான் தட்ட, அவள் சொல்ல, எங்கார்னா எழுத,
நூறு பூவில் இலைப்பேன் அறுபத்தொன்று.
அதைக் குத்தி உறிஞ்சும் ஓரியஸ் முப்பத்து நான்கு.
பிளாஸ்டிக் கிழிந்த மூலையில் மட்டும்
கணக்கு வேறு: எதிரிகள் கூட்டமாய்,
நம்மவர் ஒருவரும் இல்லை.
"வியாழன் வரை பொறுங்கள்."

ஆறு நாள்.
எங்கார்னா தூங்கவில்லை.
நள்ளிரவில் டார்ச் வெளிச்சம் வரிசைக்கு வரிசை நகர்வதை
என் அறையிலிருந்து பார்த்தேன்.
எள்ளில் பாதி இல்லாத பூச்சியின் பசியை நம்பி
வீட்டை அடகு வைத்தவள்
வேறென்ன செய்வாள்?

வியாழன். மறுபடி நூறு பூ.
இலைப்பேன் பத்தொன்பது.
எங்கார்னா பென்சிலைக் கடித்தாள், சிரிக்கவில்லை.
மூலை மட்டும் அடங்கவே இல்லை.

மருந்தே அடிக்காமல் ஜெயித்தோம் என்று சொல்ல ஆசைதான்.
அடித்தோம். மூலையில் நான்கு வரிசை,
குண்டுத் தேனீக்கள் வீடு திரும்பி
அவற்றின் பெட்டியை வெளியே தூக்கிப் போன பிறகு.
லேபிளை எங்கார்னா உரக்கப் படித்தாள்.
நான் ஒவ்வொரு வரியையும் வுலோஃபில்
மமதூவுக்குச் சொன்னேன், அவன் எனக்குத் திருப்பிச் சொன்னான்.
கையுறை, வடிகட்டி வைத்த முகமூடி.
முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது.

அட்டை தொங்கியது. காய்கள் சிவந்தன.
அட்டையை யாரும் தொடவில்லை.
இரண்டு நாள் வெளியே நின்று
சிவப்பதைப் பார்த்தோம்.

காலிக் கேனை மூன்று முறை அலசி,
அலசிய நீரை டாங்கியில் ஊற்றி
அதே வரிசைகளில் அடித்து முடித்திருந்தேன்.
கேனில் ஆணி இறக்கும்போது
கை நின்றது.
காவோலாக்கில், எங்கள் முற்றத்தில்,
நிலக்கடலைக்கு மருந்தடித்து மிஞ்சிய நீலக் கேன்.

"கும்பா, அந்தக் கேன்?"
"நல்ல கேன் அண்ணா, மூடி இறுக்கமா இருக்கு."
"உள்ளே என்ன?"
"தண்ணீர்தான்."

கொட்டு என்றேன். ஆணி எடு என்றேன்.
மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி
போனில் கேட்டது சுத்தியல்:
ஒன்று. இரண்டு. அப்புறம் நிறைய.

"ஓட்டை போட்டாச்சு,"
கோபம் அவள் குரலில்.
"இனி எதில் தண்ணீர் பிடிக்க?"

அதற்கு லேபிளில் எதுவும் எழுதவில்லை.
வியாழன் வரை பொறு என்றேன்.
சம்பளம் அன்றைக்குத்தான்.