பெட்டிக்கு ஒண்ணும் ஆகல

நாலு மாதமாக அந்த மஞ்சள் விளக்கு.
ராயக்கோட்டை மேட்டில் தக்காளியோடு ஏறும்போது
மூன்றாம் கியரில் மூச்சை விட்டுவிடும் வண்டி.
சென்சார் என்றார்கள், மாற்றினேன்.
ஒயரிங் என்றார்கள். இன்ஜெக்டர் என்றார்கள்.
ஓட்டுகிறவனைத் தவிர எல்லாம் மாற்றியாயிற்று.

அமீர்ஜான்தான் டேஷ்போர்டுக்கு அடியில்
தலைகீழாகப் படுத்து
அந்த அலுமினியப் பெட்டியைக் கழற்றினான்.
பின்களில் பச்சை பூத்திருந்தது.
"மழைத்தண்ணி குடிச்சிருக்குது. மூளை போச்சு."

புதுசு நாற்பத்திரண்டாயிரம்.
பதினெட்டுக்குக் கிடைத்தது,
தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த ஒன்றிலிருந்து.
டிரைவருக்கு என்ன ஆச்சு என்றேன்.
"பெட்டிக்கு ஒண்ணும் ஆகல" என்றான்.

லேப்டாப்பில் ஒயரைச் செருகினான்.
கட்டம் கட்டமாக வேறொருவன்:
அவன் வண்டி எண், அவன் சாவி,
ஓடியது இரண்டு லட்சத்துப் பதினோராயிரம்.
கடைசியாக ஒரு நொடி,
வேகம் எண்பத்தாறு, ஆக்சிலரேட்டர் பூஜ்யம்.
காலை எடுத்திருக்கிறான்.
அதற்குமேல் எழுதியிருக்கவில்லை.

"அழிச்சிடட்டுமா அண்ணே?"

கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கமிருந்து
லாரிகள் வந்துகொண்டே இருந்தன.
டீயில் ஆடை படியும்வரை பேசாமலிருந்து
என் சாவியை நீட்டினேன்.

முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.
மஞ்சள் விளக்கு இருந்த இடத்தை
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
கிலோமீட்டர் மட்டும் அழியவில்லையாம்.
"உள்ள ரெண்டு லட்சம், மீட்டர்ல எண்பத்து மூணாயிரம்.
ரெண்டும் பேசிக்காது. ஓட்டுங்க."

விடிகாலையில் சேலத்துக்கு அறுபது பெட்டி தக்காளி.
தொப்பூர் வழிதான்.
எந்த வளைவு என்று
அவனிடம் கேட்கவில்லை.