முதுகுப் பக்கத்து யன்னல்

இன்றைக்கு இவருடைய கதிரையை மாற்றிப் போட்டேன்,
யன்னல் முதுகுக்குப் பின்னால் வரும்படி.
"ஏன்?" என்றார்.
"அந்தப் பக்கம் ஹீட்டர் கிட்ட" என்றேன்.
பொய்தான்.
நத்தார் இரவில் ஒரு சின்னப் பொய்யைப்
பாலன் பொறுத்துக்கொள்வார்.

ஹாமில்டன்காரர் இந்த மேட்டை மலை என்கிறார்கள்.
மலையின் மேல் எங்கள் வீடு.
நாலே முக்காலுக்கு வெளிச்சம் செத்துவிடும்,
ஐந்து மணிக்கு இராச்சாப்பாடு.
மாநகரசபை எப்போது கூப்பிடும் என்று தெரியாத வீட்டில்
பசி வரும்வரை காத்திருக்க ஏலாது.

போன வருசம் கேக் வெட்டும்போது போன் அடித்தது.
அதற்கு முதல் வருசம் பூசைக்கு நடுவில்,
காணிக்கைத் தட்டு எங்கள் வாங்குக்கு வந்த நேரம்.
காசைப் போட்டுவிட்டுக் குனிந்தபடி போனவர்
விடிய ஏழு மணிக்கு வந்து
சப்பாத்தும் கழற்றாமல் படியிலேயே நித்திரை.
மீசையில் உப்பு,
இரவு முழுக்க வீதிக்குத் தூவிய உப்பு.

ஒரே வீட்டில் இரண்டு மன்றாட்டு.
மெலிற்றா குடிலுக்கு முன்னால் முழந்தாளில் நின்று
"ஸ்நோ கொட்ட வேணும்" என்பாள்.
இவர் அவளுக்குப் பின்னால் நின்று
அதற்கு நேர்மாறானதை வாய்க்குள் சொல்லுவார்.
மூக்குடைந்த சூசையப்பர்
யார் பக்கம் என்று இன்னும் தெரியவில்லை.

மேசையில் இடியப்பம், சொதி,
யூனியன் குலுக்கலில் விழுந்த வான்கோழி.
அவனில் வைத்தால் வைக்கோல் மாதிரி வரும் என்று
துண்டு போட்டுத் தூளில் பிரட்டிக்
குழம்பாக்கிவிட்டேன்.
ஜெரோன் ஒரு காலைத் தூக்கி
ஹொக்கி மட்டைபோல் பிடித்துக் காட்டினான்.
சிரித்தோம். குழம்பு விரிப்பில் சிந்தியது.
ஒருவரும் துடைக்க எழும்பவில்லை.

இரண்டாம் தரம் சொதி விடும்போது கண்டேன்.
தெருவிளக்கின் கீழே
முதலில் ஒன்று, வழி தவறி வந்ததுபோல.
பிறகு ஐந்தாறு.
பிறகு எண்ண ஏலாது.

ஜெரோன் கண்டான், என்னைப் பார்த்தான்.
மெலிற்றா கண்டாள், வாயைத் திறந்தாள்.
மேசைக்குக் கீழே தமையனின் கால்
அவள் காலைத் தேடி மிதித்தது.
ஒரு முழு இடியப்பத்தை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.
கேட்டது கிடைத்த பிள்ளை
அதைச் சொல்லாமல் இருப்பது லேசான காரியமா?

நான் கதை கொடுத்தேன்,
வீட்டுக் கடன் வட்டி,
பக்கத்து வீட்டுப் பெரெய்ரா தந்த கருவாடு,
அதன் மணம் போகாத குளிர்சாதனப் பெட்டி.
இவர் ஆறுதலாகச் சாப்பிட்டார்.
எலும்பைக் கடித்து உறிஞ்சினார்.
கறிவேப்பிலையை ஒன்றின்மேல் ஒன்றாக
விளிம்பில் அடுக்கினார், எப்போதும்போல.
பிறகு கோப்பையை நீட்டினார்:

"இன்னொரு அகப்பை விடும்.
ரெண்டு சென்ரிமீற்றராவது விழட்டும்,
அதுக்குப் பிறகுதான் அடிப்பாங்கள்."

ஒருவரும் அசையவில்லை.
இடது கையால் மெலிற்றாவைக் காட்டினார்.
அவளுடைய மூக்குக்கண்ணாடியில்
இரண்டு வட்டத்திலும் எங்கள் யன்னல்,
இரண்டு யன்னலிலும் பனி.

எவ்வளவு நேரமாய்த் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கேக் வரைக்கும் போன் அடிக்கவில்லை.
அதுவே பெரிய காரியம்.
அடித்தபோது மெலிற்றா தன் துண்டை ஃபொயிலில் சுற்றி
அவருடைய ஜக்கெற் பொக்கெற்றுக்குள் திணித்தாள்,
ஏதோ தானே மேலே ஏறி நின்று
கொட்டிவிட்டவள் மாதிரி.
இவர் குனிந்து அவள் காதில் சொன்னார்:
"எங்கட தெருவைக் கடைசிக்கு விடுறன்.
உமக்காக மட்டும்.
விடிய எழும்பி நல்லா மிதியும்."

சின்னத் தெருக்கள் எப்போதும் கடைசிதான்.
பெரிய வீதி, பஸ் ஓடும் வீதி, ஆஸ்பத்திரி வீதி,
அதற்குப் பிறகுதான் நாங்கள்.
எனக்கு அது தெரியும்.
வாய் திறக்கவில்லை.
இன்றைக்கு ஆளுக்கொரு பொய்.